பூட்டிய ஈயக் கச்சை

1954-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 7-ஆம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, நாகர்கோவில் நீரடிப் பணிகள் அலுவலகத்துக்குக் கொச்சியிலிருந்து லாரியில் ஒரு மரப்பெட்டி வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் காற்று அடைத்த இரும்புக் குடுவைகள் இரண்டு, அவற்றை முதுகில் மாட்டும் வார்கள், ரப்பர் குழாய், முகக் கண்ணாடி ஒன்று, வாத்துக்கால் போன்ற ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, இடுப்பில் கட்டும் கான்வாஸ் கச்சை ஒன்று, அதில் கோப்பதற்கு எட்டு ஈயத் துண்டுகள், ஆங்கிலத்தில் அச்சிட்ட கையேடு ஒன்று ஆகியவை இருந்தன.

அந்த அலுவலகம் தொடங்கி ஒரு வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. உதவி இயக்குநர் ஜெயசிங், தலைமை குமாஸ்தா பகவதியப்பன் உள்படப் பதினொரு பேர் அங்கே வேலை பார்த்தார்கள். கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அரசாங்கத்துக்குத் தெரிவிப்பது அவர்கள் பணி. கருவிகள் இல்லாததால் தெரிவிக்க இயலவில்லை என்று மாதந்தோறும் தவறாமல் தெரிவித்து வந்தார்கள். இப்போது கருவிகள் வந்துவிட்டன. பதினொரு பேரில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது என்பது அன்று மாலைதான் கவனத்துக்கு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளப்பாறைத்துறை கோயில் கதவில் ஒரு விளம்பரம் ஒட்டப்பட்டது. 'நீரடிப் பணியாளர், ஒருவர்.'

வெள்ளப்பாறைத்துறை முட்டத்துக்கு மேற்கே இருக்கும் கடலோர ஊர். ஆண்களில் பாதிப் பேர் சிப்பி குளிப்பவர்கள். கடலுக்குள் நிற்கும் பாறையில் மூச்சடக்கி இறங்கி, ஒட்டியிருக்கும் சிப்பியை உளியால் பெயர்த்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டு ஏறி வருவது அந்தத் தொழில். குளிப்பவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறுநுனியைக் கட்டுமரத்தில் இருப்பவன் பிடித்திருப்பான். பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும் என்பது அந்தக் கரையில் மாறாத வழக்கம். அண்ணன் தம்பி என்றால் பங்குக்கு ஓர் ஆள் குறைந்தது என்று ஒரு நொடி நினைத்தாலும் நினைப்பான். மச்சான் நினைக்கமாட்டான். கயிறு நழுவினால் கூடப்பிறந்தவள் வெள்ளைச் சேலையோடு வந்து தன் வீட்டில் உட்காருவாள் என்று அவனுக்குத் தெரியும்.

மரியஜானும் லாசரும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். மரியஜானின் தங்கை கிளாரா லாசருக்கு மனைவி. லாசரின் தங்கை ஞானம் மரியஜானுக்கு மனைவி. ஆகவே பத்து வருடமாக மரியஜான் குளித்தால் லாசர் கயிறு பிடித்தான்; லாசர் குளித்தால் மரியஜான் பிடித்தான். பிடிப்பவன் மாதாவுக்கு மங்கள வார்த்தை செபம் சொல்லி நேரம் கணிப்பான். மரியஜான் பன்னிரண்டு செபம் வரை அடியில் நிற்பான். லாசருக்கு ஏழு. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது. கணக்கு அப்படியே இருந்தவரையில் இருவருக்கும் நடுவே ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை.

வேலைக்கு மனுப் போட்டது அந்த இரண்டு பேர்தான்.

ஜெயசிங் முதலில் மரியஜானைக் கூப்பிட்டார்.

"நீந்தத் தெரியுமா?"

"தெரியும்."

"எந்த முறைப்படி நீந்துவீர்?"

"முறையா? கைய அடிப்போம், கால அடிப்போம். போயிரும்."

'முறையற்ற நீச்சல்' என்று பகவதியப்பன் எழுதிக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் மூச்சடக்குவீர்?"

"பன்னெண்டு மங்கள வார்த்தை. நல்ல நாளுன்னா பதிமூணு."

ஜெயசிங் பேனாவைக் கீழே வைத்தார். "பாரும், உமக்குக் காற்றுக் குடுவை தேவைப்படாது போலிருக்கிறது. அரசாங்கமோ குடுவை வாங்கிவிட்டது. குடுவை தேவைப்படுகிற ஆளுக்குத்தான் இந்த வேலை. குடுவை இல்லாமலே செய்யக்கூடிய ஒருவரை நியமித்தால், எதற்காகக் குடுவை வாங்கினாய் என்று என்னை அல்லவா கேட்பார்கள்?"

லாசர் ஆறாம் வகுப்பு வரை படித்தவன், கையெழுத்துப் போடுவான். நீருக்குள் போனால் காது வலிக்குமா என்று அவனிடம் கேட்டார்கள். வலிக்கும் என்றான். 'ஆபத்தை உணர்ந்தவர்' என்று எழுதப்பட்டது. அவன் நியமனம் ஆனான்.

மூன்றாம் நாள் லாசர் காக்கி அரைக்கால்சட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். மரியஜானின் கண் அந்தக் காக்கியிலேயே நின்றது. ஏழு செபத்துக்கு மேல் தாங்காதவன், சிப்பியைவிடப் பாசியை அதிகம் பெயர்த்து வருகிறவன், அவன் காலில் கஞ்சி போட்ட காக்கி. பத்து வருடம் அவனுக்குக் கயிறு பிடித்தது வீண் என்று முதல்தடவையாக மரியஜானுக்குத் தோன்றியது. தோன்றியதற்கு வெட்கப்பட்டான். வெட்கப்பட்டும் அது போகவில்லை.

பயிற்சி நாற்பது நாள். அலுவலகத்துக் கொல்லைப்புறத்தில், பலா மரத்தடியில், தரையில் நடந்தது. ஞானத்தோடு சிப்பிச் சாக்கைச் சுமந்து நாகர்கோவில் சந்தைக்குப் போகும் நாட்களில் மரியஜான் வேலி ஓரம் நின்று பார்த்தான். பார்க்காமல் போக அவனால் முடியவில்லை.

அன்றைக்குப் பகவதியப்பன் கையேட்டைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். "கச்சையின் நுனியை வலது கையில் பிடிக்க வேண்டும். முன்னால் குனிந்து, ஈயம் முதுகில் படியும்படி வைத்துக்கொண்டு, பிறகு கொக்கியை மாட்ட வேண்டும். ஆபத்து வந்தால் வலது கையால் ஒரே இழுப்பில் கழன்று விழ வேண்டும். அதனால் கச்சையைக் கடைசியாக, எல்லா வார்களுக்கும் மேலே அணிய வேண்டும்."

மரியஜான் தலையாட்டினான். சிப்பி குளிப்பவன் இடுப்பில் எதைக் கட்டினாலும் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுத்தான் போடுவான். வெள்ளைக்காரனுக்கும் இது தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான்.

ஜெயசிங் கையை உயர்த்தினார். "கடைசியாகவா?"

"கடைசியாகத்தான் சார். தடித்த எழுத்தில் போட்டிருக்கிறான்."

"பகவதியப்பன், கச்சையில் அரசு முத்திரை குத்தியிருக்கிறோமா இல்லையா?"

"குத்தியிருக்கிறோம் சார்."

"செருப்பில்?"

"இல்லை சார்."

"முத்திரை இல்லாத செருப்பு முதலில், முத்திரை உள்ள கச்சை கடைசியிலா? ஓர் அரசாங்க அலுவலகத்தில் கடைசியாக உள்ளே வருகிறவர் யார்? பியூன். கச்சை பியூனா? இந்தக் கையேட்டை எழுதியவர் நீரை அறிந்திருக்கலாம். நிர்வாகத்தை அறியவில்லை. கச்சையை முதலில் அணிக. மற்றவை தகுதி வரிசைப்படி அதற்கு மேலே வருக."

ஈயம் எத்தனை என்ற கேள்வி அடுத்து எழுந்தது. வெறும் உடம்போடு இறங்குகிறவனுக்கு இரண்டு மூன்று துண்டுக்கு மேல் வேண்டாம் என்று கையேட்டில் இருந்தது. எட்டும் அரசாங்கம் அனுப்பியது, அனுப்பியதில் ஐந்தை அலமாரியில் வைத்தால் அனுப்பியவர்களின் கணிப்பு தவறு என்று ஆகும் என்று ஜெயசிங் விளக்கினார். லாசர் குனிந்தான். எட்டும் ஏறின. ஒவ்வொன்றும் மூன்று ராத்தல்.

"எப்படி இருக்கிறது?" என்றார் ஜெயசிங்.

"கனமா இருக்கு சார்."

"பதவி என்றால் கனமாகத்தான் இருக்கும்."

இந்த வாசகத்தைக் கிளாரா அன்று சாயங்காலமே கிணற்றடியில் சொல்லிவிட்டாள். எட்டு ஈயம் என்பதையும் சொன்னாள். ஊரில் யாரும் அதற்கு முன் ஈயத்தை எண்ணிப் பெருமைப்பட்டதில்லை. வலையின் அடியில் கோத்துக் கடலில் போடுகிற சாமான் அது. ஒரே வாரத்தில் அது பவுனுக்குச் சமமாகிவிட்டது.

"இஞ்ச பாருங்க," என்றாள் ஞானம், உலையில் அரிசி போட்டுக்கொண்டே. "எனக்க அண்ணனுக்கு எட்டாம். உங்களுக்கு என்ன உண்டு?"

"எனக்குப் பன்னெண்டு மங்கள வார்த்தை உண்டுட்டி."

"அத இடுப்புல கட்டிட்டு நடக்க முடியுமா?"

மறுநாள் மரியஜான் பழைய வலையிலிருந்து பெரிய ஈயக்குண்டுகளை அறுத்தெடுத்து, சாக்குத் துணியைப் பட்டையாக மடித்து, அதில் வரிசையாகத் தைத்தான். ஒன்பது வைத்தான். அதைக் கட்டிக்கொண்டு கரையில் தெற்கேயிருந்து வடக்கே ஒருமுறை நடந்தான்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "ஏலே மரியஜானே, ஈயத்த மட்டும் கட்டுனா போதுமா? வலையையும் சேத்துக் கட்டப்பிடாதா?"

"மக்கா, விடு. லாசருக்குச் சர்க்கார் கட்டுச்சு. இவனுக்கு இவனே கட்டிக்கிட்டான்."

சிரிப்பு அலைச்சத்தத்துக்கு மேலே கேட்டது. மரியஜான் வடக்கே போனவன் அப்படியே இரணியலுக்குப் போய்விட்டான். கோர்ட்டு வாசலில் குமாரதாஸ் என்பவர் மனு எழுதுவார். கையெழுத்தில்லாத மனுவுக்குத் தனி நடை வைத்திருந்தார்.

"யாருக்க மேல?" என்றார் குமாரதாஸ்.

"லாசர். எனக்க மச்சான்."

"குடியா, திருட்டா, பெண் விஷயமா?"

மரியஜான் யோசித்தான். லாசரிடம் அப்படி ஒன்றும் இல்லை. "அவன் பயந்தாங்கொள்ளின்னு எழுதும். மூணு மங்கள வார்த்தைக்கு மேல அடியில நிக்கமாட்டான். கொஞ்சம் முட்டுனா இடுப்புல உள்ளத அவுத்துப் போட்டுட்டு மேல வந்துருவான். சர்க்காருக்க கச்சைய கடல்ல விட்டுருவான்னு எழுதும்."

குமாரதாஸ் எழுதினார். 'பொதுநலம் விரும்பும் ஒருவன்' என்று முடித்தார்.

அந்த மனுவால் லாசரின் வேலை போகும் என்று மரியஜான் எதிர்பார்த்தான். நீரடிப் பணிகள் அலுவலகம் ஒருவரைத் தவறாகத் தேர்ந்தெடுத்தது என்று ஒரு காகிதம் சொல்லுமானால், அந்த அலுவலகம் மாற்றுவது ஆளை அல்ல என்பது அவனுக்குத் தெரியாது. பத்து நாள் கழித்துக் கிளாரா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அண்ணே, அவங்களுக்க கச்சைக்குப் பூட்டுப் போட்டாச்சு! வெங்கலப் பூட்டு. மேல அரக்கு வச்சு முத்திரை வேற. சாவி ஜெயசிங் சாருக்க சட்டைப் பையில."

மரியஜானுக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். ஈயம் போதாதென்று வெங்கலமா? ஒரு காகிதத்தைக் காசு கொடுத்து எழுதவைத்து மச்சானுக்கு ஒரு பூட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறோமே என்று பல்லைக் கடித்தான். தன் ஒன்பது ஈயக் கச்சைக்கு ஒரு பூட்டு கிடைக்குமா என்றுகூட வீட்டில் தேடினான். ஞானத்தின் தகரப்பெட்டிப் பூட்டுத்தான் இருந்தது. அதற்குச் சாவி இல்லை.

மறுநாள் காலை, கயிறு பிடிக்க லாசர் இல்லாத கட்டுமரத்தில், அந்தக் கச்சையோடு தனியே போய் வடக்குப் பாறையில் குதித்தான். தான் எப்பேர்ப்பட்டவன் என்று கடலுக்காவது தெரியட்டும் என்று நினைத்தானோ என்னவோ. ஒன்பது ஈயமும் அவனை நேராக அடிக்குக் கொண்டுபோயின. சிப்பியைப் பெயர்த்துக்கொண்டு உந்தினான். எழும்பவில்லை. மறுபடி உந்தினான். ஓர் ஆள் உயரம் எழுந்து திரும்பவும் இறங்கினான். பன்னிரண்டு செபம் தாங்குகிறவனுக்கு ஐந்தாவதிலேயே நெஞ்சு அடைத்தது. அவன் யோசிப்பதற்கு முன்பே வலது கை போய் முடிச்சின் நுனியை இழுத்தது. கச்சை நழுவி விழுந்தது. மேலே வந்து கட்டுமரத்தைப் பற்றிக்கொண்டு வாந்தி எடுத்தான்.

அப்போதுதான் பூட்டு என்றால் என்ன என்று அவனுக்குத் தெரிந்தது.

சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றான். லாசர் இறங்கினான். முதல்தடவையாக மரியஜான் அந்தக் காக்கியைப் பார்க்கவில்லை.

"மச்சான், அந்தப் பூட்டக் கழட்டச் சொல்லு."

"ஏன்?"

"செத்திருவ. அடியில போனா எழும்பாது. நான் ஒம்பது ஈயத்தோட இறங்கிப் பாத்தேன்."

லாசர் அவனை மேலும் கீழும் பார்த்தான். "ஒம்பதா? எட்டுக்கு மேல ஒண்ணா? லேய், உனக்குக் கண்ணெரிச்சல். பூட்டு இல்லேன்னா நீயும் நானும் ஒண்ணுன்னு ஆயிரும். அதுக்குத்தானே இந்தப் பாடு?"

"எரிச்சல் உண்டுதான். இல்லேன்னு சொல்லலே. ஆனா இது அது இல்ல மச்சான்."

"பின்ன எது?"

அதற்கு என்ன சொன்னால் நம்புவான் என்று மரியஜானுக்குத் தெரியவில்லை. ஒரு மாதமாக அவன் சொன்னதும் செய்ததும் எல்லாம் பொறாமை. இப்போது வாயிலிருந்து வருவது மட்டும் வேறு என்று யார் நம்புவார்கள்?

"நான் கயிறாவது பிடிக்கேன்," என்றான்.

"பிடிக்கப்பிடாதாம். ஒரே சோலியில உறவுக்காரங்க இருக்கப்பிடாதுன்னு சட்டம் உண்டாம். மச்சான் பிடிச்சா அது சிபாரிசு."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மரியஜான் நாகர்கோவிலுக்குப் போனான். பகவதியப்பன் பொறுமையாகக் கேட்டார்.

"அந்த மனுவை நீர்தான் கொடுத்தீரா?"

"நாந்தான். அதத் திருப்பித் தாருங்க."

"மனு கையெழுத்தில்லாதது. கையெழுத்துப் போடத் தெரிந்த ஒருவர், வேண்டுமென்றே போடாமல் விட்டால்தான் அது கையெழுத்தில்லாத மனு. உமக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்படியானால் நீர் எப்படி அதைப் போடாமல் விட்டிருக்க முடியும்? மனு உம்முடையதல்ல."

"சரி. அடியில ஆபத்து வந்தா அவன் என்ன செய்யணும்?"

அதற்கு ஏற்பாடு இருந்தது. பகவதியப்பன் சுற்றறிக்கையை எடுத்து வாசித்தார். ஆபத்து ஏற்பட்டதாக அந்த இடத்தில் இருக்கும் அதிகாரி ஒருவர் சான்று வழங்க வேண்டும். சான்று கிடைத்ததும் உதவி இயக்குநர் சாவியை வழங்குவார்.

"அந்த இடம்னா கடலுக்கு அடி. அங்க எந்த அதிகாரி இருப்பாரு?"

"அதுதான் சிக்கல்," என்றார் பகவதியப்பன். முதன்முறையாக அவர் குரலில் வருத்தம் இருந்தது. "கடல் மட்டத்துக்கு மேலே எங்கே போனாலும் பயணப்படி உண்டு. கீழே போவதற்கு விதி இல்லை. எழுதிக் கேட்டிருக்கிறோம்."

பெப்ருவரி 24-ஆம் தேதி, புதன்கிழமை, காலை பத்து மணிக்கு, திருவனந்தபுரத்திலிருந்து ஆணையர் வந்தார். கரையிலிருந்து அறுபது கஜம் தள்ளி, வடக்குப் பாறைக்குப் பக்கத்தில், காகிதத் தோரணம் கட்டிய ஒரு பெரிய வள்ளம் நின்றது. அதில் ஆணையரும் ஜெயசிங்கும் பகவதியப்பனும் மற்ற ஒன்பது பேரும் லாசரும் இருந்தார்கள். அக்கம்பக்கத்துக் கட்டுமரங்கள் முப்பது கஜத்துக்குள் வராதபடி ஒரு பியூன் சிவப்புக் கொடியோடு நின்றார். சரியாக முப்பதாவது கஜத்தில் மரியஜான் தன் கட்டுமரத்தை நிறுத்தியிருந்தான்.

முதலில் குடுவையில் இருப்பது காற்றுதானா என்று சான்று வழங்கப்பட்டது. ஆணையர் ரப்பர் குழாயை வாயில் வைத்து நன்றாக இழுத்து, "நல்ல காற்று" என்றார். பிறகு ஜெயசிங் இழுத்தார். பிறகு பதவி வரிசைப்படி பியூன் வரை பதினொரு பேரும் முடித்தார்கள். குழாயைத் திறந்தபடியே ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் கொடுத்ததால் நடுவில் போனது தனி. ஒத்திகைக்காக நாற்பது நாளும் தரையில் செலவானது போக மிச்சமிருந்த காற்று அது.

பிறகு கச்சை. லாசர் குனிந்தான். எட்டு ஈயமும் முதுகில் படிந்தன. ஜெயசிங் பூட்டினார். பகவதியப்பன் மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். அதற்கு மேல் குடுவை ஏறியது. குடுவையின் வார்கள் பூட்டுக்கு மேலே குறுக்காகப் போய் இறுகின. கரையில் நின்ற கிளாரா பக்கத்தில் நின்றவளிடம், "பூட்டு தெரியலியே, வார் மறைக்கே," என்று குறைப்பட்டாள்.

லாசர் வள்ளத்தின் விளிம்பில் நின்று ஒருமுறை திரும்பி மரியஜான் பக்கம் பார்த்தான். பெருமையாகத்தான் பார்த்தான். பார்வை தன் இடுப்புக்கு இறங்கியது. பத்து வருடமாக அந்த இடத்தில் ஒரு கயிறு இருந்தது. விசில் ஒலித்தது. குதித்தான்.

ஆணையர் எழுந்தார்.

"பெருமக்களே! இந்நாட்டில் மனிதன் கடலில் மூழ்குவது புதிதல்ல. தலைமுறை தலைமுறையாக மூழ்கி வந்திருக்கிறான். ஆனால் இதுவரை மூழ்கிய ஒவ்வொருவரும் அனுமதியின்றி மூழ்கினார்கள். யார் மூழ்கினார், எப்போது மூழ்கினார், எதற்காக மூழ்கினார் என்று அரசுக்குத் தெரியாது. இன்று முதன்முறையாக ஒருவர் முறைப்படி மூழ்கியிருக்கிறார்."

பதினொரு பேரும் கைதட்டினார்கள். மரியஜான் நீர்க்குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொத்துக் கொத்தாக வந்தன. பிறகு ஒன்றிரண்டாக வந்தன. பிறகு வரவில்லை.

அவன் வாய் தானாகவே மங்கள வார்த்தையைத் தொடங்கியது. ஒன்று.

"மேலே வருவது எளிது," என்றார் ஆணையர். "எந்தத் தக்கையும் மேலே வரும். கீழே இருப்பதற்கே நிர்வாகம் தேவை."

நான்கு. ஐந்து. கொடி பிடித்த பியூன் மரியஜானைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வராதே என்று.

ஏழு.

மரியஜான் உளியைப் பல்லில் கடித்துக்கொண்டு பாய்ந்தான்.

எட்டு. தண்ணீர் தெளிவாக இருந்தது. பாறையடி மணலில் லாசர் மண்டியிட்டிருந்தான். வாயிலிருந்து குழாய் விழுந்திருந்தது. இரண்டு கையாலும் வார்களுக்கு அடியில் கிடந்த பூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். மரியஜானைக் கண்டதும் அவன் கண்கள் விரிந்தன. மரியஜான் முதலில் மேல்வாரை அறுத்தான். பிறகு கச்சைக்கும் வயிற்றுக்கும் நடுவே உளியைக் கொடுத்துக் கான்வாஸைக் கிழித்தான். உளி லாசரின் தோலையும் கொஞ்சம் கிழித்தது. எட்டு ஈயமும் பூட்டும் அரக்கும் ஒன்றாகப் போய்ப் பாறையிடுக்கில் விழுந்தன. லாசரின் தலைமயிரைப் பற்றிக்கொண்டு உந்தினான்.

இருவர் தலையும் வள்ளத்தின் பக்கத்தில் எழுந்தன.

"யார் அது?" என்றார் ஜெயசிங். "யாருடைய உத்தரவின்பேரில் மேலே வருகிறீர்கள்? ஆணையர் இன்னும் முடிக்கவில்லை."

லாசரைக் கட்டுமரத்தில் குப்புறப் போட்டு மரியஜான் முதுகை அமுக்கினான். தண்ணீர் வந்தது. பிறகு இருமல் வந்தது. கரையில் கிளாராவின் அலறல் நின்றது.

கரைக்குத் திரும்பும் வழியில் லாசர் பேசினான். "அந்த மொட்டைக் கடுதாசி நீதானே?"

மரியஜான் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்துகொண்டான். "நாந்தான் மச்சான்."

"ஆபீசுல வாசிச்சப்பமே தெரியும். மங்கள வார்த்தை எண்ணி வேற எவன் எழுதுவான்?" லாசர் மறுபடி இருமினான். "எழுதினது போட்டும். மூணுன்னு ஏம்ல எழுதின? எனக்கு ஏழு உண்டுன்னு உனக்குத் தெரியாதா?"

மரியஜான் துடுப்பை மறுபடி எடுத்தான். அதைச் சொல்ல அவனுக்கு மனமில்லை. இருந்தாலும் சொன்னான்.

"ஏழு இல்ல. இன்னைக்கு ஒம்பது."

லாசர் கண்ணை மூடிக்கொண்டான். உதடு மட்டும் லேசாக விரிந்தது.

விசாரணை மூன்று மாதம் நடந்தது. அணிந்து சென்ற கச்சை இல்லாமல் கரை திரும்பியதற்காக லாசர் வேலையிலிருந்து நீக்கப்பட்டான். காக்கி அரைக்கால்சட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஆபத்து நேர்ந்ததாக அதிகாரி சான்றளிக்கும் முன்பே ஆபத்திலிருந்து காப்பாற்றியதற்காக மரியஜானுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. லாசருக்கு வந்த உறையில் 'லாசர் என்பவர்' என்றும், மரியஜானுக்கு வந்த உறையில் 'திரு. மரியஜான் அவர்கள்' என்றும் இருந்தது. மரியஜானின் கடிதத்தில் அரக்கு முத்திரையும் இருந்தது. ஞானம் அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போதெல்லாம் லாசர் உள்ளே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தத் 'திரு'வைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவான்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, இந்தத் தாலுகாக்கள் திருவனந்தபுரத்து ஆட்சியிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நீரடிப் பணிகள் அலுவலகம் ஒப்படைத்த சாமான்கள் பட்டியலில் பதினான்காவதாக இருந்தது: 'ஈயக் கச்சை, ஒன்று. இருப்பிடம்: வெள்ளப்பாறைத்துறை, வடக்குப் பாறை, கடலடி. பூட்டு: நல்ல நிலையில் உள்ளது.' சாவி ஓர் உறையில் வைத்து இணைக்கப்பட்டிருந்தது.

அந்த வாரம் சிப்பிக் காலம் தொடங்கியது. மரியஜான் குளித்தான். லாசர் கயிறு பிடித்தான்.